15 லட்சம் கல்லூரியை விட்டுவிட்டு அரசுக் கல்லூரிக்குப் போன கதை

வணக்கம். பின்னால் கடகடவென்று கேட்கிறதே, அது எங்கள் வீட்டுத் தறி. வாரக் கடைசி, சேலையை அறுத்துக் கொடுக்கவேண்டிய நாள் என்பதால் அப்பா நிறுத்தமாட்டார். ஹெட்செட் போட்டிருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொறியியல் கவுன்சிலிங் நேரம் வந்தாலே என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான். "அக்கா, பெரிய பெயர் உள்ள டீம்ட் யுனிவர்சிட்டியில், அதாவது தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில், ஸ்காலர்ஷிப்போடு சீட் கிடைத்திருக்கிறது, அதை விட்டுவிட்டு அரசுக் கல்லூரிக்குப் போனால் பைத்தியக்காரத்தனமா?" நான் 2019இல் அதைத்தான் செய்தேன். கட்-ஆஃப் 200க்கு 178. கையில் இரண்டு வாய்ப்பு இருந்தது. ஒன்று, ஊரெல்லாம் பேனர் வைக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகம். பெயர் சொல்லமாட்டேன், யூகித்தும் எழுதாதீர்கள். இன்னொன்று, கவுன்சிலிங்கில் வந்த அரசுப் பொறியியல் கல்லூரி, இசிஇ என்கிற எலக்ட்ரானிக்ஸ் பிரிவு.

அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதத்தில் "25% ஸ்காலர்ஷிப்" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள். ஆனால் அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒன்று இருந்தது, அதை யாரும் படிக்கவில்லை, நானும் மூன்றாம் நாள்தான் படித்தேன். ஒவ்வொரு வருஷமும் சிஜிபிஏ, அதாவது சராசரி மதிப்பெண், பத்துக்கு 9 இருக்கவேண்டும், ஒரு அரியர் கூட இருக்கக்கூடாது, இல்லாவிட்டால் அடுத்த வருஷத்திலிருந்து முழுக் கட்டணம். அதுவும் சலுகை டியூஷன் ஃபீஸுக்கு மட்டும்தான், ஹாஸ்டலுக்கு ஒரு ரூபாய் கூடக் குறையாது.

அன்றைக்கு ராத்திரி அப்பாவின் கூலி நோட்டில், சேலைக் கணக்கு எழுதியிருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டியூஷன் 2,60,000, ஹாஸ்டல் மெஸ் எல்லாம் சேர்த்து 1,20,000. வருஷத்துக்கு 3,80,000. நான்கு வருஷத்துக்கு 15,20,000. நான்கு வருஷமும் ஸ்காலர்ஷிப் தப்பாமல் கிடைத்தாலே 12,60,000. அந்தப் பக்கத்தில் இருந்த வாரக் கூலியையும் இந்தப் பக்கத்தில் இருந்த தொகையையும் மாறி மாறிப் பார்த்ததுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"லோன் போட்டுக்கலாம்" என்றார் மாமா. போடலாம். அப்போது வங்கியில் கல்விக் கடன் ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் கேட்கமாட்டார்கள். அதற்கு மேலே போனால் கேட்பார்கள். எங்களிடம் இருந்த ஒரே சொத்து இந்த வீடு, அதாவது இப்போது பின்னால் சத்தம் போடுகிறதே, இதேதான். அப்பா உடனே, "நீ சொல்லும்மா, பத்திரத்தை வெச்சிடலாம்" என்றார். அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட சண்டை போட்டிருப்பேன். சரி என்று சொல்லிவிட்டதால்தான் பயம் வந்தது.

பத்து லட்சம், 10% வட்டி, பத்து வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 13,200 ரூபாய். படிக்கும் காலத்தில் கட்டவேண்டாம்தான், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், அதை இந்தக் கணக்கில் சேர்க்கவேயில்லை. பெரிய ஐடி கம்பெனிகள் புதுசாக எடுப்பவர்களுக்குக் கொடுக்கும் சம்பளம் ரொம்ப வருஷமாகவே வருஷத்துக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் நிற்கிறது. கையில் வருவதில் பாதி தவணைக்கே போய்விடும்.

அரசுக் கல்லூரியில் என்ன ஆயிற்று? எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. அந்தச் சான்றிதழால் டியூஷன் ஃபீஸ் இல்லை. ஹாஸ்டலில் டிவைடிங் சிஸ்டம், மாதம் ஆன செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துவிடுவார்கள், 3,000 ரூபாய் பக்கம் வரும். கடைசி வருஷத்தில், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டம் வந்து மாதம் 1,000 ரூபாய் கணக்கில் விழுந்தது, மெஸ் பில்லில் மூன்றில் ஒரு பங்கு அதிலேயே போனது. நடுவில் கொரோனா வந்து வீட்டிலேயே வகுப்பு, தறிச் சத்தத்தில் சிக்னல் ப்ராசஸிங் பாடம் கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எல்லாம் சேர்த்து நான்கு வருஷத்துக்கு ஒன்றே முக்கால் லட்சம்.

இழந்ததையும் சொல்கிறேன். கேம்பஸுக்கு வந்த கம்பெனிகள் குறைவு, எனக்கு கேம்பஸில் வேலை கிடைக்கவில்லை. நான்கு மாதம் வீட்டில் உட்கார்ந்து, வெளியே தேடித்தான் ஓசூரில் சேர்ந்தேன். என் அத்தை பையன் அதே வருஷம் அந்தப் பெரிய இடத்தில் சேர்ந்தவன், இன்றைக்கு என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறான். மறைப்பானேன்? ஆனால் ஊருக்கு வரும்போது வேலை பிடிக்கவில்லை, விட்டுவிடலாமா என்று என்னிடம்தான் புலம்புகிறான், தவணை இருப்பதால் விடமுடியவில்லை. நான் முதல் வேலையை ஏழே மாதத்தில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனேன். அந்த விடுதலைக்குத்தான் நான் விலை கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அதற்காகப் பெரிய பெயர் என்றாலே காசு என்று நினைக்காதீர்கள். ஐஐடியில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்குக் கீழே என்றால் டியூஷன் முழுக்கத் தள்ளுபடி, ஐந்து லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி, எஸ்சி எஸ்டி மாணவர்களுக்கு டியூஷனே இல்லை. அங்கே சீட் கிடைத்தும் காசுக்குப் பயந்து போகாமல் இருந்தால் அதுதான் தப்பு. அதேபோல அரசுக் கல்லூரிகளில் கோவை ஜிசிடி (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) 1945லிருந்து இருக்கிறது, காரைக்குடி அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரி 1952லிருந்து இருக்கிறது, இன்ஸ்டாவில் விளம்பரம் வராததால் பெயரே தெரியாது என்கிறார்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்தவர்கள் 7.5% உள் ஒதுக்கீட்டை விட்டுவிடாதீர்கள். பொறியியலுக்கு அது 2021இல் வந்தது. டியூஷன், ஹாஸ்டல் எல்லாமே அரசு கட்டும், கவுன்சிலிங்கில் வரும் நல்ல தனியார் கல்லூரிக்கும் சேர்த்து. நான் இரண்டு வருஷம் முன்னால் பிறந்து தொலைத்துவிட்டேன்.

அப்புறம் முதல் பட்டதாரிச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாலுகா அலுவலகம் என்று நகரும், ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் அங்கே கூட்டம் அள்ளும், முன்னாலேயே போய்விடுங்கள். கவுன்சிலிங் சீட்டுக்கு மட்டும்தான் அது செல்லும், மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு அந்தக் காகிதத்தை நீட்டினால் ஒன்றும் நடக்காது. வீட்டில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். அதை நான் வாங்கிவிட்டதால் தம்பிக்கு இல்லை, ஆனால் அவன் அரசுப் பள்ளி, 7.5 இருக்கிறது. அவன் இப்போது பிளஸ் டூ. நேற்று ஒரு கல்லூரியிலிருந்து பளபளவென்று புத்தகம் ஒன்று வந்தது, நீச்சல் குளம் படம் போட்டு. "அக்கா, இங்க போறேன்" என்கிறான். நீச்சலே தெரியாது அவனுக்கு. பின்பக்கத்தைப் படித்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறேன், இன்னும் வரவில்லை.