ஒரே மெட்டு, மூன்று தொடக்கம்

நண்பர்களே, பாடகர் குழுவில் இருப்பவர்களுக்கு 'தோனா நோபிஸ் பாச்செம்' பாடலை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மூன்றே இலத்தீன் சொற்கள். 'எங்களுக்கு அமைதியைத் தந்தருளும்' என்று பொருள். எட்டு எட்டுத் தாளக் கட்டங்களாக மூன்று வரிகள். முதல் குழு இரண்டாம் வரிக்குப் போகும்போது அடுத்த குழு முதல் வரியை எடுக்கிறது. மூன்றாம் குழுவும் நுழைந்துவிட்டால் மூன்று வரிகளும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒலித்து இசைந்துவிடுகின்றன. இதுதான் கேனன். இதில் யாருக்கும் துணைக்குரல் கிடையாது. எல்லாருக்கும் அதே மெட்டுதான். முந்தித் தொடங்கியவர், பிந்தித் தொடங்கியவர் என்ற வேறுபாடு மட்டுமே உண்டு.

பல கிறிஸ்தவச் சபையார் கூடிப் பாடுவதற்கு இதைவிடப் பொருத்தமான வடிவத்தை நான் கண்டதில்லை. பாட்டுப் புத்தகத்தை எடுத்தால் ஒவ்வொரு சபைக்கும் ஒவ்வொரு புத்தகம். மெட்டு ஒன்றாக இருந்தாலும் சொற்கள் மோதும்.

'இலத்தீன் கத்தோலிக்கரின் மொழியாயிற்றே' என்று சிலர் தயங்குகிறார்கள். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1523இல் வகுத்த வழிபாட்டு முறையே இலத்தீனில்தான் இருந்தது. ஜெர்மன் வழிபாட்டை 1526இல் தந்தபோதும் அவர் இலத்தீனை விலக்கிவிடவில்லை. ஆனால் ஆர்த்தடாக்ஸ் சபையாருக்கு இலத்தீன் தங்கள் மரபின் மொழியன்று. அதை மறைக்கக் கூடாது. அவர்களோடு பாடும்போது 'கீரியே எலெய்சோன்' ('ஆண்டவரே, இரக்கமாயிரும்') என்ற கிரேக்க மன்றாட்டையும் சேர்த்துக்கொள்வதே மரியாதை.

பிரான்சின் தெய்சே கிராமத்தைப் பாருங்கள். புராட்டஸ்டன்ட் மரபின் சுவிஸ் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த சகோதரர் ரோஜர் 1940இல் அங்கு வந்து குடியேறி, பின்னர் ஒரு ஜெபக் குழுமத்தைத் தொடங்கினார். 1970களில் பல நாட்டு இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டபோது, பிரெஞ்சுப் பாடல்களில் அவர்களால் கலந்துகொள்ள முடியவில்லை. ஒரே முறை கேட்டதும் பாடக்கூடிய குறுஞ்சொற்றொடர்கள் தேவைப்பட்டன. அவற்றுக்கு இசை தந்தவர் ஜாக் பெர்த்தியே. பாரீசில் இயேசு சபையாரின் கோவிலில் ஆர்கன் வாசித்தவர். சீர்திருத்தச் சபையார் ஒருவர் தொடங்கிய குழுமத்துக்கு ஒரு கத்தோலிக்கர் எழுதிய இசை அது! அந்தப் பாடல்களில் பல இலத்தீனில் இருந்தன. யாருக்கும் தாய்மொழியாக இல்லாததால் இலத்தீனில் யாரும் விருந்தாளியாக நிற்கவில்லை.

ஒத்திகையில் வரும் ஒரு சின்னச் சிக்கலையும் சொல்கிறேன். 'தோனா நோபிஸ் பாச்செம்' பாடலின் கடைசிச் சொல்லை உரோமை வழக்கில் 'பாச்செம்' என்பார்கள். ஜெர்மானியர் 'பாட்செம்' என்பார்கள். மேடைக் கச்சேரி என்றால் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கூட்டு வழிபாட்டில் அதைத் திருத்தாதீர்கள். 'உன் உச்சரிப்பு தவறு' என்று பிறர் சொல்லக் கேட்டவர் அதன் பிறகு வாயைத் திறந்து பாடமாட்டார்.

இன்னொரு வேண்டுகோள். முடிக்கும்போது கையசைத்து மூன்று குழுக்களையும் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். முதலில் தொடங்கியவர்கள் தங்கள் கடைசி வரியை முடித்து அமைதியாகட்டும். பிறகு இரண்டாம் குழு. கடைசியாக வந்தவர்கள் தங்கள் மூன்றாம் வரியைத் தனியாகப் பாடும்போது, மற்ற இரு குழுக்களும் நின்று கேட்கட்டும்.