சாமான் அறை நோட்டில் பதினொரு பெயர்கள்

வணக்கம். என் கையில் இருப்பது எங்கள் கல்லூரியின் விளையாட்டுச் சாமான் அறையில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கும் நோட்டு. தேதி, பெயர், எடுத்த பொருள், எடுத்த நேரம், திருப்பித் தந்த நேரம் என்று ஐந்து பத்திகள் இதில் உண்டு. பெயர்களின் மேல் தாள் ஒட்டி மறைத்துவிட்டேன். மற்றவற்றைக் கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன், பாருங்கள். இந்த ஆண்டு விளையாட்டுச் செயலர் பொறுப்பும் அறைச் சாவியும் என்னிடம் வந்தபோது, முதல் வேலையாகக் கடந்த மூன்று மாதப் பக்கங்களை உட்கார்ந்து படித்தேன். ஏறத்தாழ 300 பேர் படிக்கும் கல்லூரியில் திரும்பத் திரும்ப வந்தவை பதினொரு பெயர்கள்தாம். அவர்களைத் தவிர, என் வகுப்புத் தோழி ஒருத்தி ஒரே ஒரு நாள் ஸ்கிப்பிங் கயிறு எடுத்துப் பத்தே நிமிடத்தில் திருப்பித் தந்திருந்தாள். அந்த ஒற்றை வரி என் மனத்தை விட்டு அகலவில்லை.

அந்தப் பதினொரு பேர்மீது எனக்குக் குறையில்லை. கல்லூரி அணிக்காக வியர்வை சிந்துகிறவர்கள் அவர்கள். ஆனால் எங்களிடம் இருப்பது ஒரே ஒரு வாலிபால் களம். மாலை இரண்டு மணி நேரத்தை நாற்பது நிமிடங்களாகப் பிரித்தால் மூன்று சுற்றுகள் கிடைக்கும். சுற்றுக்கு 12 பேர் வீதம் ஒரு மாலையில் 36 பேர், ஐந்து நாட்களில் 180 பேர் ஆடலாம். அத்தனை இடத்தையும் ஓர் அணியின் பயிற்சிக்கே கொடுத்துவிட்டு, மாணவர்களுக்கு விளையாட்டில் ஆர்வமில்லை என்று நாமே சொல்லிக்கொண்டிருந்தோம். பல்லாயிரம் பேர் படிக்கும் இடத்தில் எல்லோருக்கும் களத்தைப் பகிர்ந்தளிப்பது கடினம். எங்களைப் போன்ற சிறிய கல்லூரியில் ஒரு தாளில் அட்டவணை போட்டாலே அது முடிந்துவிடும் என்பதைத்தான் நான் இன்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இடமும் ஆளும் குறைவு என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். 1891ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் அடைபட்டுச் சலித்துப்போயிருந்த 18 மாணவர்களுக்காக உருவாக்கியதுதான் கூடைப்பந்து. பீச் பழக் கூடைகள் இரண்டை மாடத்தின் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டி, வகுப்பை ஒன்பது ஒன்பது பேராகப் பிரித்து ஆடவிட்டார். அந்த மாடம் பத்தடி உயரத்தில் இருந்ததால் இன்றைக்கும் வளையம் பத்தடி உயரத்திலேயே இருக்கிறது. 1893ஆம் ஆண்டில் ஸ்மித் மகளிர் கல்லூரியில் சென்டா பெரென்சன் என்ற ஆசிரியை நடத்திய புகழ்பெற்ற ஆட்டமும் வெளிக் கல்லூரியுடன் நடந்ததன்று. அங்கேயே படித்த முதலாமாண்டு மாணவியரும் இரண்டாமாண்டு மாணவியரும் மோதிக்கொண்டதுதான். 1895ஆம் ஆண்டில் வில்லியம் மோர்கன் வாலிபாலை வகுத்தபோது, கூடைப்பந்தின் ஓட்டமும் இடிபாடும் ஒத்துவராத வயது கூடியவர்களை மனத்தில் வைத்திருந்தார். ஒரு பக்கத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கலாம் என்பதே அவருடைய முதல் விதிகளில் ஒன்று.

ஆகவே முதலில் களத்தைச் சரிசெய்தோம். நானும் இரண்டு ஜூனியர்களும் ஒரு காலை முழுவதும் கயிறும் சுண்ணாம்புப் பொடியுமாக நின்றோம். 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் அளந்துவிட்டால் போதும் என்றுதான் நினைத்திருந்தோம். மூலைகள் கோணியிருப்பது கோடு போட்ட பிறகே கண்ணில் பட்டது. நடுக்கோட்டின் இருபுறமும் உள்ள ஒவ்வொரு சதுரத்துக்கும் மூலைக்கு மூலை 12.73 மீட்டர் வர வேண்டும். அந்த அளவுக்குக் கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டு எல்லா மூலைகளையும் மறுபடி சரிபார்த்தோம். உங்கள் களத்துக்குக் கோடு போடும்போது இதை மறந்துவிடாதீர்கள், அரை நாள் மிச்சமாகும்.

அடுத்தது துறைகளுக்கு இடையேயான போட்டி. வழக்கமாக நாக் அவுட் முறையில்தான் நடத்துவார்கள், ஏனெனில் எட்டு அணிகளுக்கு ஏழே ஆட்டங்களில் கோப்பையைக் கொடுத்துவிடலாம். ஆனால் தோற்ற அணி உடனே வெளியேற வேண்டும் என்பதால், முதல் சுற்றிலேயே நான்கு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வெளியேறிவிடுகின்றன. ஆண்டு முழுவதும் காத்திருந்து வந்த ஒரு புதிய மாணவர் அரை மணி நேரம் ஆடியதும் அவருடைய பருவமே முடிந்துபோகிறது. நாங்கள் நான்கு நான்கு அணிகளாக இரண்டு குழுக்கள் பிரித்து, குழுவுக்குள் எல்லோரும் எல்லோருடனும் ஆடச் செய்தோம். அரையிறுதி, இறுதி எல்லாம் சேர்த்து மொத்தம் 15 ஆட்டங்கள். எந்த அணிக்கும் மூன்று ஆட்டம் உறுதி. நேரம் போதாது என்பதால் 25 புள்ளி செட்டை 15 ஆகக் குறைத்தோம். பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் ஒரு செட்டாவது களத்தில் நின்றாக வேண்டும் என்றும் விதித்தோம். வாலிபாலில் சுழற்சி முறை இருப்பதால் களத்தில் நிற்கிறவருக்குச் சர்வீஸ் போடும் முறையும் வந்தே தீரும், யாரும் ஓர் ஓரத்தில் ஒதுங்கி நிற்க முடியாது. அணி வீரர்கள் சிலர் இதை விரும்பவில்லை. ஆட்டத்தின் தரம் குறைகிறது என்றார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. ஆயினும் வாரத்தில் மூன்று மாலைகள் அவர்களுடைய பயிற்சிக்கே இருக்கின்றன, மீதி இரண்டு மாலைகள் மற்றவர்களுக்கு என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு மாலை அட்டவணையால் எந்தப் பயனும் இல்லை. அவர்களுக்காக மதிய இடைவேளையில் டேபிள் டென்னிஸ் மேசையையும் கேரம் பலகைகளையும் திறந்துவைக்கிறோம். 18 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. கேரம் அந்தக் கணக்கில் சேராது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் தேர்வுக்கு முந்திய வாரத்தில் நான்கு பேர் ஒரு பலகையைச் சுற்றி அமர்ந்து வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்க்கும்போது, அந்த நேரத்தைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை.

இதோ, கடந்த வாரத்துப் பக்கம். 43 பெயர்கள் இருக்கின்றன; சிலருடைய கையெழுத்தையே நான் முதன்முதலாகப் பார்க்கிறேன். கயிறு எடுத்துச் சென்ற அந்தத் தோழியிடம் அன்று ஏன் உடனே திரும்பிவிட்டாய் என்று கேட்டேன். களத்தில் எல்லோரும் அணிக்காரர்களாக இருந்தார்கள், எங்கே நின்று குதிப்பது என்று தெரியவில்லை என்றாள். இன்று மாலை மூன்றாவது சுற்றில் அவள் பெயர் இருக்கிறது. புள்ளி எழுதும் பொறுப்பு எனக்கு, ஆதலால் கேமராவை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.