குளிருச்சு, ஆனா சொல்லலை

நேயர்களுக்கு வணக்கம்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை மயக்க மருந்து டாக்டர் வார்டுக்கு வருகிறார். "எப்படிம்மா இருக்கீங்க?" "நல்லா இருக்கேன் டாக்டர்." அவர் அடுத்த வார்டுக்குப் போன பிறகு பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம்தான் உண்மை வெளிவருகிறது. ராத்திரி முழுக்க வாந்தி, தியேட்டருக்குள் பல் கிட்டும் குளிர், சொன்னால் டாக்டர் என்ன நினைப்பாரோ என்று ஒரு தயக்கம்.

கண் விழித்ததே போதும் என்ற நன்றி மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. அதனால்தான் "திருப்தியா?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை, ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். 2013-இல் வெளிவந்த க்யூ.ஓ.ஆர்-15 என்ற படிவம் அப்படித்தான் கேட்கிறது. மூச்சு சிரமமில்லாமல் வருகிறதா, தூக்கம் வந்ததா, குமட்டல் உண்டா, வலி எவ்வளவு என்று 15 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண், மொத்தம் 150. மயக்க நிலையில் இருந்த நேரத்தைப் பற்றி நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு முன்னும் பின்னும் விழித்திருந்த நேரம்தான் அவர் மனதில் நிற்கிறது.

முதலில் தாகம். "ராத்திரியிலிருந்து ஒண்ணும் சாப்பிடாதீங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, மதியம் மூன்றாவது கேஸாக உள்ளே போகிறவர் பதினைந்து மணி நேரம் நாக்கு வறண்டு கிடக்கிறார். அவ்வளவு தேவையில்லை. இட்லி, கஞ்சி, பால், பால் சேர்த்த டீ இவற்றுக்கு 6 மணி நேர இடைவெளி வேண்டும். எண்ணெய்ப் பலகாரம், கறி என்றால் 8. தண்ணீருக்கும் பால் விடாத கட்டன் டீக்கும் 2 மணி நேரம் போதும். அவசர ஆபரேஷன், பிரசவம், நாள்பட்ட சர்க்கரை நோய் என்றால் கணக்கு மாறும், உங்கள் டாக்டர் சொல்வதையே கேளுங்கள். முந்தின நாளே "நான் எத்தனையாவது கேஸ்? தண்ணி எத்தனை மணி வரைக்கும் குடிக்கலாம்?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

அடுத்தது குளிர். இந்த நீலகிரி மலையில் இதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. ஸ்வெட்டரையும் குல்லாவையும் கழற்றிவிட்டு, மெல்லிய பச்சை கவுனோடு, இரும்பு ட்ராலியில் தியேட்டர் வாசலில் காத்திருக்கும் அரை மணி நேரத்திலேயே கை கால் சில்லிட்டுவிடும். மயக்க மருந்து ஏறியதும் தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் விரியும். உடலின் நடுவில் இருந்த சூடு கை கால்களுக்குப் பரவி வெளியேறும், முதல் ஒரு மணி நேரத்தில்தான் அதிகம். சாதாரண அறைச் சூட்டில் இருக்கும் சலைன் ஒரு லிட்டர் ஏறினாலே உடல் வெப்பம் சுமார் 0.25 டிகிரி செல்சியஸ் இறங்கும். டிசம்பர் மாத ஊட்டியில் அந்த அறைச் சூடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். உடல் வெப்பம் 36 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் நடுக்கம் மட்டுமல்ல, ரத்தக் கசிவு கூடும், புண்ணில் சீழ் பிடிக்க வாய்ப்பும் கூடும். அதனால் உள்ளே போகும்வரை கம்பளியைப் போர்த்திக்கொண்டே இருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்காரர்களுக்கு ஒன்று. முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் முடிந்து வந்த அம்மா நடுங்குகிறாரே என்று காலடியில் வெந்நீர்ப் பையை வைத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று மணி நேரம் அந்தக் காலில் உணர்வே இருக்காது. சுடுவது தெரியாமல் தோல் வெந்து கொப்புளமாகிவிடும். கம்பளி போதும்.

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கம் இருளர், குறும்பர், பணியர் குடும்பங்களில் சிக்கிள் செல் சோகை உண்டு. குளிர், உடம்பில் நீர் வற்றுவது, ஆக்சிஜன் குறைவது மூன்றுமே அவர்களுக்கு ஆபத்து. ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்து சின்னக் குழாய்களை அடைத்துக்கொள்ளும். பரிசோதனைச் சீட்டு இருந்தால் மறக்காமல் கொண்டுவாருங்கள். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தாலும் சொல்லுங்கள்.

வாந்திக்கு வருவோம். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறினால் உங்களுக்குக் குமட்டுமா? அப்படியென்றால் மயக்கம் தெளிந்த பிறகும் வாந்தி வர வாய்ப்பு அதிகம். பெண்ணாக இருப்பது, புகைப்பழக்கம் இல்லாதது, மார்ஃபின் வகை வலி மருந்து தருவது, இவையும் சேர்ந்தால் இன்னும் கூடும். முன்பே தெரிந்தால் வாந்தியைத் தடுக்கும் ஆண்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன் மருந்துகள் இரண்டையும் முன்கூட்டியே போட்டுவிடலாம். "பஸ்ஸில் வாந்தி வரும்" என்பது வெட்கப்பட்டு மறைக்கிற விஷயமல்ல, எங்களுக்கு அது மிகவும் தேவையான தகவல்.

சிசேரியனுக்குப் போகும் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: முதுகு ஊசிக்குப் பிறகு அழுத்துவதும் இழுப்பதும் தெரியும், வலி தெரியாது. இதை முன்பே சொல்லாவிட்டால், மருந்து ஏறவில்லையோ என்று அவர்கள் பயந்துபோவது நியாயம்தான். நிஜமாகவே வலித்தால் அந்த நிமிடமே சொல்லுங்கள், செய்ய வழி இருக்கிறது.

அந்த ஊசியால் ஆயுசுக்கும் முதுகு வலி வரும் என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தலைவலி வேறு. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறையில் ஊசியால் விழுந்த நுண்ணிய துளை வழியாகத் தண்டுவட நீர் கசிவதால் அது வருகிறது. உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் அடங்கும். பெரும்பாலும் முதல் சில நாட்களுக்குள், நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு ஆரம்பிக்கலாம். சாதாரணத் தலைவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு கிடக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும்போதே, அதில் மயக்க மருந்துப் பிரிவின் போன் நம்பரையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.