பறித்தால் அது யாருக்குப் போகும்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ராயபுரத்திலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்தும் வேலை முடித்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அரசு ஊழியருக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் சலுகையும் நியாயமா, மக்கள் தலையில் ஏற்றிய சுமையா என்பது தலைப்பு. நியாயம்தான் என்று பேச வந்திருக்கிறேன். நான் அரசு ஊழியர் இல்லை. என் வீட்டிலும் யாரும் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். இந்த மேடையில் எனக்கென்று காப்பாற்றிக்கொள்ள ஒரு சலுகையும் கிடையாது.

எதிரணித் தலைவர் எடுத்த எடுப்பில் ஒரு கேள்வி கேட்டார். அடையாள அட்டையை நீட்டினால் அரசு ஊழியருக்குப் பத்து சதவீதம் குறைக்கிறார்களே, அதே புடவைக்குக் கூலித் தொழிலாளி மட்டும் முழு விலை கொடுக்க வேண்டுமா என்றார். கைதட்டலும் விழுந்தது. ஐயா, அந்த மாதிரித் தள்ளுபடியை நோட்டில் எழுதுகிறவளே நான்தான். அது அரசாங்கக் கஜானாவிலிருந்து வருகிற பணம் இல்லை. முதலாளி தன் லாபத்தில் விட்டுக்கொடுப்பது. ஏன் விட்டுக்கொடுக்கிறார்? மாதத்தின் கடைசி வேலை நாளில் இவர்களுக்குச் சம்பளம் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். ஓர் அலுவலகத்தில் ஒருவர் வாங்கினால் மறுநாள் கூட நாலு பேர் வருவார்கள். முகூர்த்தம் இல்லாத நாட்களில் கடை ஈ ஓட்டும்போது அந்த நாலு பேர்தான் வியாபாரம். இது வியாபாரக் கணக்கு. கூலித் தொழிலாளிக்கும் குறைத்துக் கொடுங்கள் என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும். தலைவர் கேட்கப் போனால் நானும் கூட வருகிறேன்.

கோ-ஆப்டெக்ஸையும் இழுத்தார்கள். 1935-ல் நெசவாளர்களுக்காகத் தொடங்கிய கூட்டுறவு நிறுவனம் அது. தீபாவளிக்கு அங்கே கொடுக்கும் 30 சதவீதத் தள்ளுபடி, கடைக்குள் நுழையும் எல்லோருக்கும் உண்டு. அரசு ஊழியருக்குத் தனியாக இருப்பது வட்டியில்லாக் கடன் வசதி மட்டும். அந்தக் கடனும் தவணை தவணையாகச் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுகிறது. நம்ம ஊர் நெசவாளியின் தறி ஓடுவதற்கு அது ஒரு வழி. இதில் யார் தலையில் என்ன சுமை ஏறியது?

அடுத்து முன்பணம். 'பண்டிகைக்கு 20,000 ரூபாய் தூக்கிக் கொடுக்கிறார்கள்' என்று எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி சொன்னார். கொடுக்கிறார்கள் சரி. திரும்பப் பிடிப்பதைச் சொல்லவில்லையே! எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியர். நான் பட்டிமன்றத்தில் பேசப் போகிறேன் என்றதும் அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் செயலியைத் திறந்து சம்பளப் பட்டியலைக் காட்டினார். இடது பக்கம் அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. வலது பக்கம் வரிசையாகப் பிடித்தம். ஓய்வூதியப் பங்களிப்பு, குடும்ப நல நிதி, மருத்துவக் காப்பீட்டுக்கு 300 ரூபாய், கூட்டுறவுச் சங்கக் கடன் தவணை, பண்டிகை முன்பணத் தவணை. விரலால் தள்ளித் தள்ளிக் காட்டிவிட்டு, "பண்டிகைப் பணம் பண்டிகையோட தீர்ந்துடும், பிடித்தம் மட்டும் அடுத்த பண்டிகை வரைக்கும் வரும்" என்றார். முன்பணம் என்பது அவருடைய சம்பளம்தான். கொஞ்சம் முன்னால் வருகிறது, அவ்வளவுதான். அந்த அக்கா கொரோனா நேரத்தில் வார்டில் இருந்தவர். அந்த 2020-லேயே ஈட்டிய விடுப்பைக் கொடுத்துப் பணம் வாங்கும் வழியையும் நிறுத்திவிட்டார்கள். 2025 அக்டோபரில்தான் திரும்பி வந்தது. நோயாளிகளுக்கு நடுவே நின்றவர்களுக்கு உரியதையே ஐந்து வருடம் நிறுத்தி வைக்க முடிந்தது என்றால், சலுகை மழை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

எதிரணியின் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். தனியாரில் உழைப்பவருக்கு ஒன்றும் இல்லாதபோது அரசு ஊழியருக்கு மட்டும் எதற்கு, குறையுங்கள் என்கிறார்கள். நான் தனியாரில் உழைப்பவள். எனக்காகப் பேசுவதாக நினைத்துத்தான் பேசுகிறார்கள். அதனால் நானே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

குறைத்துப் பார்த்தாயிற்று. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத்தை நிறுத்தினார்கள். ஓய்வூதியப் பங்களிப்பு என்று சம்பளத்தில் மாதாமாதம் 10 சதவீதம் பிடித்தார்கள். சரி, அங்கே நிறுத்தியதால் எம்.சி. ரோட்டில் துணி மடிக்கும் ஒரு பெண்ணுக்காவது ஓய்வூதியம் வந்ததா? மூட்டை தூக்குகிற ஓர் அண்ணனுக்காவது வந்ததா? ஓர் ஆளுக்கும் வரவில்லை. இவர்கள் தட்டில் குறைந்த சோறு எங்கள் தட்டுக்கு வரவில்லை, நடுவர் அவர்களே.

கொடுத்தபோது என்ன நடந்தது என்றும் பாருங்கள். மத்திய அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2008-ல் 180 நாள் மகப்பேறு விடுப்பு கொடுத்தது. தமிழ்நாடு அரசு 2011-ல் ஆறு மாதம் ஆக்கியது. அப்போது தனியாரில் சட்டப்படி 12 வாரம்தான். பிள்ளைக்குத் தலை நிற்பதற்குள் வேலைக்குத் திரும்ப வேண்டும். அரசாங்கத்தில் முடிகிறதே, இங்கே ஏன் முடியாது என்ற கேள்வி வலுத்தது. 2017-ல் சட்டம் திருத்தப்பட்டு 26 வாரம் ஆனது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைக்கும் அது பொருந்தும். அரசு ஊழியருக்கு முதலில் வந்தது, அப்புறம் எங்களுக்கும் வந்தது. இப்போது மாநில அரசில் 12 மாதம். அதையும் நாங்கள் கேட்போம். அவர்களுக்கு இருப்பதால்தான் கேட்கவே முடிகிறது.

எங்கள் தொழிலில் எது சலுகை தெரியுமா? உட்காருவது. ஜவுளிக்கடையில் புடவை எடுத்துக் காட்டும் பெண்கள் காலை கடை திறந்ததிலிருந்து ராத்திரி ஷட்டர் இறக்கும் வரை நிற்பார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நிற்க வேண்டும். முழங்கால் வீங்கி, மத்தியானம் சாப்பிடப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்குவார்கள். கடைகளில் இவர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டத் திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது. நாற்காலி இருக்கிற அரசு ஊழியரைப் பார்த்து அவரையும் நிற்க வையுங்கள் என்று அந்தப் பெண்கள் யாரும் கேட்டதில்லை. எங்களுக்கும் ஒரு ஸ்டூல் போடுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

இந்தப் பகுதியில் உட்கார்ந்து பேசிக்கொண்டு 2025 ஆகஸ்டை மறக்க முடியுமா? ராயபுரம் மண்டலம், திரு.வி.க. நகர் மண்டலம், நம் தெருக் குப்பையை அள்ளியவர்கள். அந்த வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து மாநகராட்சித் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகை வாசலில் ஆகஸ்ட் 1 முதல் ராப்பகலாக உட்கார்ந்தார்கள். 13-ம் தேதி இரவு போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. பல வருடம் மாநகராட்சிக்காகக் குப்பை அள்ளியவர்கள் கேட்டது பணி நிரந்தரம். அதாவது அந்தச் செவிலியர் அக்காவின் சம்பளப் பட்டியல் மாதிரி தன் பெயரிலும் ஒன்று. எத்தனை பிடித்தம் இருந்தாலும் பரவாயில்லை, மாதம் முடிந்தால் சம்பளம் வரும், உடம்புக்கு முடியாமல் படுத்தால் காப்பீடு இருக்கும், வேலை நிற்காது. உள்ளே நிரந்தரமாக இருப்பவர்களின் சலுகையைப் பறியுங்கள் என்று அந்த வாசலில் அவர்கள் கேட்கவில்லை.

1918-ல் இந்த நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் உருவானது. இந்தப் பக்கத்து மக்களுக்கு உரிமை கேட்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால் அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பண்டிகை முன்பணத்தை நிறுத்துங்கள், மருத்துவக் காப்பீட்டை நிறுத்துங்கள், மகப்பேறு விடுப்பைக் குறையுங்கள். மிச்சமாகும் பணத்தில் ராயபுரத்தில் குப்பை அள்ளும் அந்த அம்மாவுக்கு எத்தனை ரூபாய் போகும், எந்த உத்தரவின் பேரில் போகும் என்று சொல்லிவிட்டு அப்புறம் பேசட்டும். நன்றி, வணக்கம்.