கிட்டார்களுக்கு நடுவே ஒரு குரல்

அவையோருக்கு வணக்கம்.

பெண்கள் முன்னின்று பாடும் ராக் குழு ஒன்று, எந்த நிறுவனத்தின் பணமும் இல்லாமல் தன் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்கிறது என்று வையுங்கள். குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துக் கலக்கும் மிக்ஸ் முடிந்ததும் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டுவார்கள். பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "பாட்டு நல்லாருக்கு, என்ன பாடுறாங்கன்னுதான் புரியல." உடனே குரலைக் கூட்டுவார்கள். இப்போது வார்த்தை கேட்கும், ஆனால் குழு எங்கோ பின்னறையில் வாசிப்பதுபோல் ஆகிவிடும். மறுபடி குறைப்பார்கள். இந்த ஊசலாட்டத்தில் ஸ்டூடியோ வாடகை கரைந்துபோகும். குரலுக்கு இடத்தை மிக்ஸில் தேடினால் கிடைக்காது. பாட்டைக் கட்டும்போதே அதை ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 82 முறை, அதிர்கிறது. மெல்லிய தந்தி 330. அதையே 12ஆவது ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் குறுக்குக் கம்பியில்) அழுத்தினால் 659. பெண் குரலில் ஒரு ராக் மெட்டு பெரும்பாலும் 200க்கும் 600க்கும் இடையில்தான் நடமாடும். அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டமான கார்டின் மேல்சுரங்கள் இருக்கும் அதே வீட்டில் குரலும் குடியிருக்கிறது. இன்னொரு மோதல் 2,000 முதல் 4,000 வரை. மெய்யெழுத்துகளின் தெளிவு அங்கேதான், டிஸ்டார்ஷன் போட்டு, அதாவது ஒலியைக் கரகரப்பாக்கி, வாசிக்கும் கிட்டாரின் உறுமல் முனையும் அங்கேதான்.

ஆகவே முதல் வேலை சுருதி. கிட்டார் வாசிப்பவர் எழுதிய பாட்டு பெரும்பாலும் மூன்று கட்டையில், அதாவது ஈ-யில் இருக்கும். திறந்த தந்திகள் அங்கே வசதி என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. கைக்கு வசதியானது தொண்டைக்கும் வசதியாக இருக்கும் என்று யார் சொன்னது? பல்லவியை மட்டும் எடுத்து, அரைச்சுரம் அரைச்சுரமாக மூன்று படி மேலும் மூன்று படி கீழும் பாடி போனில் பதிந்துகொள்ளுங்கள். அன்றே முடிவு செய்யாமல் மறுநாள் கேளுங்கள். மேலே போக, தந்திகளை ஒருசேர அழுத்தும் கேப்போ என்ற கவ்வி இருக்கிறது, கீழே போகத் தந்தியைத் தளர்த்தலாம். ஸ்லீட்டர்-கின்னி என்ற அமெரிக்க ராக் குழு பேஸ் கிட்டார் இல்லாமல், இரண்டு கிட்டாரையும் மூன்று அரைச்சுரம் இறக்கி வைத்துக்கொண்டு வாசித்தது. அடித்தளமும் நிரம்பியது, இரண்டு பெண் குரல்கள் ஒன்றோடொன்று மோதி விளையாட மேலே வெளியும் மிஞ்சியது.

சுருதிக்கு அடுத்து உயிரெழுத்து. இதைப் பாட்டெழுதுபவர்கள் கவனிப்பதே இல்லை. குரல் 500 ஹெர்ட்ஸைத் தாண்டினால் 'இ', 'உ' இரண்டும் தம் அடையாளத்தை இழக்கத் தொடங்கும். அந்த எழுத்துகளை அடையாளம் காட்டும், வாய்க்குள் எழும் முதல் ஒத்ததிர்வு 300, 400 அளவில்தான் இருக்கிறது. பாடும் சுரமே அதைத் தாண்டிவிட்டால் காதுக்கு எதை வைத்துப் பிரித்தறிவது? உச்சத்தில் "நீ" என்று பாடினால் "நே" என்பதுபோல் விழும். 'ஆ'வின் ஒத்ததிர்வு இன்னும் மேலே இருப்பதால் அது தாங்கும். பல்லவியின் உச்சச் சுரத்தில் "வா", "நான்", "தாகம்" மாதிரி ஒரு சொல்லை வையுங்கள். இந்த ஒரு திருத்தம் பல மணி நேர மிக்ஸிங்குக்குச் சமம்.

வேகத்தையும் பாருங்கள். கோ-கோஸ் என்ற அமெரிக்கப் பெண்கள் குழு 1981இல் தன் முதல் ஆல்பத்தைப் பதிந்தபோது, தயாரிப்பாளர் ரிச்சர்ட் காட்டெரர் மேடை வேகத்தைக் குறைக்கச் சொன்னார். வார்த்தை கேட்க வேண்டும் என்பதே காரணம். குழுவினருக்கு முதலில் அது பிடிக்கவில்லை. மறு ஆண்டு அந்த ஆல்பம் அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. தாங்களே எழுதித் தாங்களே வாசித்த பெண்கள் குழு ஒன்று அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல்முறை. வேகத்தைக் குறைத்ததால்தான் வென்றார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வார்த்தைகள் கேட்டன.

இனி கிட்டார். மேடையில் வைக்கும் டிஸ்டார்ஷனில் பாதி போதும். அளவு கூடக் கூட ஒலி தட்டையாகும், இடைவெளி அடைபடும். பெரிய சத்தம் வேண்டுமென்றால் குறைந்த கெயினில் (டிஸ்டார்ஷனைக் கூட்டும் அளவில்) அதே பகுதியை இரண்டு முறை வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வையுங்கள். ஒரே டேக்கை, அதாவது ஒரே வாசிப்பின் பதிவை, நகலெடுத்து இருபுறமும் வைப்பது வீண்வேலை. இரண்டும் அச்சு அசலாக ஒன்று என்பதால் காது அதை நடுவிலிருந்தே கேட்கும், அங்கேதான் குரல் நிற்கிறது. சரணத்தில் இரண்டாவது கிட்டார் சும்மா இருக்கட்டும். சும்மா இருப்பதும் வாசிப்புதான்.

பதிவறையில் நுணுக்கமாக ஒலி பிடிக்கும் கண்டென்சர் மைக் என்றால் வாய்க்கும் மைக்குக்கும் இடையே 15 முதல் 20 சென்டிமீட்டர். கத்திப் பாடும் வரியில் 30க்குப் பின்வாங்கி முகத்தைச் சற்றே திருப்ப வேண்டும். குரல் ஏற்கெனவே கூர்மையாக இருந்தால் மேடைகளில் புழங்கும் டைனமிக் மைக்கே மேல். விலை உயர்ந்த மைக்தான் நல்ல மைக் என்பது கடைக்காரர் சொல்லும் கதை. மென்பொருளில் தயாராக வரும் 'குரல்' அமைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். 10,000க்கு மேல் பளபளப்பு ஏற்றும் அமைப்புகள் பெண் குரலில் 'ஸ', 'ச' ஒலிகளை ஊசியாக்கிவிடும். அந்தச் சீறல் பெரும்பாலும் 6,000 முதல் 9,000 வரை இருக்கும், சீறலை அடக்கும் டீ-எஸ்ஸரை அங்கே வையுங்கள். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் ஒரே கம்ப்ரெஸரில் 6 டெசிபல் நசுக்குவதைவிட இரண்டில் மூன்று மூன்றாகப் பிரித்தால் மூச்சு இயல்பாக இருக்கும்.

சுருதி விலகினால் பாடகியைக் குறைசொல்லும் முன் ஹெட்போனைப் பாருங்கள். அவர் குரல் அவருக்குக் குறைவாகக் கேட்டால் கத்துவார், அதிகம் கேட்டால் அடக்கிப் பாடுவார். ரிவெர்ப் (எதிரொலி) நிறைய இருந்தால் தன் சுரம் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. ஒரு காதைத் திறந்து வைக்கச் சொன்னாலே பாதிச் சிக்கல் தீரும், ஆனால் அந்தக் காதின் பக்கத்து ஹெட்போனை அணைத்துவிடுங்கள், இல்லையேல் தாளம் காட்டும் க்ளிக் ஒலி மைக்கில் ஏறிவிடும்.

இருவர் சேர்ந்து பாடும் இடங்களில் மெய்யெழுத்துதான் சிக்கல். "காற்று" என்று இருவரும் பாடி, 'ற்று' ஒரு இம்மி முன்பின்னாக விழுந்தால் திக்குவாய்போல் கேட்கும். முன்னணிக் குரல் மட்டும் 'ற்று' என்று அழுத்தட்டும், துணைக்குரல் 'கா'விலேயே நீண்டு மெல்ல அடங்கட்டும். கேட்பவர் இருவரும் சொன்னதாகவே நினைப்பார்.

ஒரு நாளில் ஒருவர் குரலில் இரண்டு பாட்டுக்கு மேல் வைக்காதீர்கள். கத்தும் பாட்டை நாளின் கடைசிக்குத் தள்ளுங்கள், அதன்பின் மென்மையான பாட்டு வராது.

வினைல் இசைத்தட்டு போடுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. 12 அங்குலத் தட்டில், நிமிடத்துக்கு 33⅓ சுழற்சியில், பக்கத்துக்கு 20 நிமிடம் என்று திட்டமிடுங்கள். ஊசி உள்வட்டத்துக்குப் போகப் போக அதே ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் பள்ளத்தின் நீளம் குறைகிறது, உச்ச அதிர்வெண்கள் சிதைகின்றன, 'ஸ' ஒலி முதலில் கிழிகிறது. எனவே சத்தமான, சீறல் நிறைந்த பாட்டுகள் பக்கத்தின் தொடக்கத்தில், தணிந்தவை கடைசியில். மொத்தமாக அச்சிடும் முன் வரும் சோதனைத் தட்டு கைக்கு வந்ததும் முதல் பாட்டைப் போட்டு மகிழ்ந்துவிட்டு ஒப்புதல் தராதீர்கள். ஊசியை நேராக இரண்டு பக்கங்களின் கடைசிப் பாட்டிலும் வைத்துக் கேளுங்கள்.