நாம் சரிவில் தள்ளிவிடும் கருப்பு மண்

(ஏற்காட்டில் நடந்த சுற்றுச்சூழல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கும் வனத்துறை அதிகாரிகளே, ஒன்றியக் குழு உறுப்பினர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் தாவரவியல் பேராசிரியர் அம்மா அவர்களே, நாற்காலியை மற்றவர்களுக்கு விட்டுவிட்டுப் பின்னால் நிற்கும் எஸ்டேட் தொழிலாளர் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம். வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் திறந்துவிட்ட பெரியவருக்குத் தனியாக ஒரு கும்பிடு. எவ்வளவு கூப்பிட்டும் மேடைக்கு வர மறுத்துவிட்டார்.

காட்டு மண்ணில் கார்பன் எப்படிக் காலாகாலத்துக்கும் தங்குகிறது என்று பேசச் சொன்னார்கள். கனிமம், வேர், வெப்பம் என்று மூன்று விஷயம் சொல்லப்போகிறேன்.

'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' என்பார்கள். எந்த மேடை ஏறினாலும் நான் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. காட்டு மண் செய்வது அதைத்தான். உலகம் முழுக்க மண்ணின் மேல் ஒரு மீட்டரில் மட்டும் சுமார் 1.5 லட்சம் கோடி டன் கார்பன் இருக்கிறது. காற்றில் இருப்பதைவிட அதிகம், மரமும் செடியுமாக நிற்பதைவிடவும் அதிகம். மரத்தை மட்டும் எண்ணிவிட்டுக் காட்டையே எண்ணிவிட்டதாக நினைப்பது தப்புக்கணக்கு.

சருகு விழுகிறது, பூஞ்சையும் பாக்டீரியாவும் தின்கின்றன, பெரும்பகுதி கரியமில வாயுவாகத் திரும்பக் காற்றுக்கே போய்விடுகிறது. அப்படியென்றால் மிஞ்சுவது எது? மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் போன்ற கெட்டியான சத்து மக்காமல் கிடக்கிறது, அதுதான் மிச்சம் என்று வெகுகாலம் பாடம் நடத்தினார்கள். 2011-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, கார்பன் நிலைப்பது அதன் கெட்டித்தன்மையால் மட்டும் அல்ல, சுற்றியுள்ள மண்ணின் அமைப்பாலும்தான் என்று எழுதினார்கள். தின்ற நுண்ணுயிர்களே செத்து, அவற்றின் மிச்சம் களிமண் துகளிலும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளிலும் ஒட்டிக்கொள்கிறது. பூஞ்சை இழைகள் துகள்களைச் சேர்த்துச் சின்னச்சின்னக் கட்டிகளாக்க, உள்ளே மாட்டிய கார்பனை நுண்ணுயிர்களால் எளிதில் எட்ட முடிவதில்லை. ஆழத்து மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டு பழைய கார்பன்கூடக் கிடைக்கிறது. நம் சேர்வராயன் மலையைப் பாருங்கள். சார்னோகைட் என்னும் கடினப் பாறை காலங்காலமாகச் சிதைந்து செம்மண்ணும், பாக்சைட் என்னும் அலுமினியத் தாதுவுமாக ஆன மலை. இரும்புக்கும் அலுமினியத்துக்கும் இங்கே குறைவே இல்லை.

அடுத்தது வேர். மேலே விழும் சருகைவிட, வேர் வழியாக இறங்கும் கார்பன்தான் மண்ணில் அதிகம் நிலைக்கிறது. அந்த வேரோடு சேர்த்து மண்ணையே புரட்டிப் போட்டால் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்த ஒருவர் கதையைக் கேளுங்கள். இங்கேதான் ஒரு சரிவில் இடம் வாங்கினார், வீடு கட்ட. பொக்லைன் வந்தது. முழங்கை ஆழத்துக்குக் கருப்பு மண், கிளறினால் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை நூல், காப்பிச் செடியின் மயிர்வேர். பக்கத்து எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒரு பாட்டி ஓடிவந்து, "சாமி, அந்தக் கருப்பு மண்ண ஒரு ஓரமா ஒதுக்கி வைங்க, பின்னால வேணும்" என்றார். இவர், "ஆத்தா, நான் வெவசாயமா பண்ணப்போறேன், வீடுதானே கட்டறேன்" என்று சொல்லிவிட்டு மொத்தத்தையும் பள்ளத்தில் தள்ளச் சொன்னார். ஐப்பசி மழை வந்தது. கீழே ஓடை மூன்று நாள் கருப்பாக ஓடியது, துணி துவைக்கப் போனவர்கள் திட்டிக்கொண்டே திரும்பினார்கள். வீடு முடிந்து வாசலில் ரோஜா வைத்தார். ஒன்றும் பிடிக்கவில்லை. சேலத்திலிருந்து டிப்பர் லோடாக எரு வந்தது, அதுவும் அடுத்த மழையில் போனது. கடைசியில் அந்தப் பாட்டியையே கூப்பிட்டுக் கேட்டார். அவர் ஒரு பிடி செம்மண்ணை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "இதுல வாசமே இல்ல சாமி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாசம் மண்ணில் வாழும் நுண்ணுயிர் தருவது. இயந்திரம் புரட்டும்போது பூஞ்சை சேர்த்த அந்த மண் கட்டிகள் உடைகின்றன, காற்று உள்ளே போகிறது, பத்திரமாக இருந்த கார்பன் தின்னக் கிடைக்கிறது, மீதி மழையோடு போகிறது. தலைமுறை தலைமுறையாகச் சிறுகக் கட்டியது ஒரு மதியத்தில் கரைகிறது. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பி கொண்டுவந்தபோதுகூட நிழல் மரமும் வேரும் சரிவைப் பிடித்து நின்றன. இப்போது சரிவையே மட்டப்படுத்துகிறோம்.

வெப்பத்தைப் பற்றி, குளிர்ந்த மலையில் நுண்ணுயிர் மெதுவாகத் தின்னும் என்பதோடு விடுகிறேன். பேராசிரியர் அம்மா அவர்கள் அதைத் தொட்டுவிட்டார்கள், நான் மேல்மண்ணைக் காக்க நாம் கொடுக்கும் மனுவைப் பற்றிப் பேச வேண்டும்.

கேட்பது இதுதான். மலையில் கட்டட அனுமதி கொடுக்கும்போது மேல்மண்ணைத் தனியாக எடுத்து மூடி வைத்து, வேலை முடிந்ததும் அதே இடத்தில் பரப்ப வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். செங்குத்துச் சரிவில் பொக்லைன் இறங்கவே அனுமதிக்காதீர்கள். சருகைக் கூட்டிக் கொளுத்துவதையும் நிறுத்துங்கள். மனு வாசல் மேசையில் இருக்கிறது. தலைவர் அவர்கள் முதல் கையெழுத்துப் போட இசைந்திருக்கிறார், வந்திருக்கும் அத்தனை பேரும் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.