கட்டினால் நிற்காத குதிரை

நேயர்களுக்கு வணக்கம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை முடிந்த கையோடு எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "வாங்கிய குதிரை சந்தையில் சாதுவாக நின்றது. வீட்டில் கட்டினால் பின்னால் இழுத்துக் கயிற்றை அறுக்கிறதே?"

சந்தையில் இருபுறமும் துணைக்குக் குதிரைகள் இருந்தன. உங்கள் வீட்டில் அது தனி ஆள், இடமும் புதிது. அதோடு, கேட்பவர்கள் பலர் மாடு கட்டிப் பழகியவர்கள். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு உண்டு. குதிரைக்கு முகக்கயிறுதான், அது இறுகினால் காதுக்குப் பின்னால் அழுத்தும். அங்கே அழுத்தினால் எதிர்த்து இழுப்பது குதிரையின் சுபாவம். ஓடித் தப்பியே பிழைத்த இனம் அல்லவா, ஓட வழியில்லை என்றதும் மிரண்டுவிடும். கயிறு அறுந்தால் மல்லாந்து விழுந்து மண்டையில் அடிபடும். அதில் செத்துப்போவதும் உண்டு. அறாவிட்டால் கழுத்துச் சதை கெடும்.

"தடிக் கயிறு போட்டு மரத்தில் கட்டு, இழுத்து ஓயட்டும்" என்பார்கள் சிலர். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

முதலில் எதிலும் கட்டாதீர்கள். கயிற்றைக் கையில் பிடித்து, வெடுக்கென்று இழுக்காமல், லேசாகக் கீழ்நோக்கி அழுத்தம் கொடுங்கள். தலையை ஒரு விரற்கடை தாழ்த்தினாலும் போதும், அந்த நொடியே தளர்த்திவிட வேண்டும். தளர்வு தாமதமானால் எதற்காகத் தளர்த்தினீர்கள் என்று அதற்குப் புரியாது. இதேபோல முன்னால் ஒரு எட்டு, பக்கவாட்டில் ஒரு எட்டு.

அப்புறம் கம்பத்துக்கு வாருங்கள். கயிற்றை ஒரு சுற்று மட்டும் சுற்றி, நுனியைக் கையில் வைத்துக்கொண்டு உடம்பைத் தேய்த்துவிடுங்கள். பின்வாங்கினால் கயிறு கொஞ்சம் வழுக்கிப் போகட்டும். முன்னால் வந்ததும் தளர்த்துங்கள். சில நிமிடங்களில் தொடங்கி நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டலாம்.

சரி, நிற்கப் பழகிவிட்டது, கட்டலாம். கம்பம் ஆழமாக ஊன்றியதாக இருக்கட்டும். கேட்டிலும் வண்டிப் பலகையிலும் கட்டினால் அது பெயர்ந்து கூடவே வரும். குதிரையின் தோள் உயரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று அடி நீளம் விட்டு, நுனியை இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். தாழ்வாக, நீளமாகக் கட்டினால் முன்னங்கால் கயிற்றுக்குள் மாட்டிக்கொள்ளும். கடிவாளத்தோடு கட்டவே கூடாது, வாய் கிழிந்துவிடும்.

இழுக்கப் போவது முன்பே தெரியும். தலை மேலே போகும், கண்ணில் வெள்ளை தெரியும், பின்னங்கால் மடங்கி உடம்பு தாழும். நம் ஆட்கள் உடனே முன்னால் ஓடிக் கையை வீசிக் கத்துவார்கள். அது இன்னும் பின்னால்தான் போகும். உதை எட்டாத தூரத்தில் பக்கவாட்டில் பின்புறமாக நின்று நாக்கைச் சொடுக்குங்கள். குதிரை ஒரு எட்டு முன்னே வைத்தால் கயிறு தானே தளரும். இறுகிய கயிற்றுக்கும் கம்பத்துக்கும் நடுவே கையை விடாதீர்கள், விரல் போய்விடும்.

பல வருடம் இழுத்துப் பழகிய குதிரையை முழுதாக நம்ப முடியாது. அதற்கு அந்த ஒரு சுற்றுக் கயிறே போதும். முடிச்சு வேண்டாம், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். வணக்கம்.